கள்ளக்கண்

மரத்தின் வேரைச் சுற்றிக் கட்டிய சாக்கின் முடிச்சை அவர் விரல்களாலேயே அவிழ்க்கிறார். இடுப்பில் கத்தி இருக்கிறது, ஆனால் இந்த வேலைக்கு அதை எடுப்பதில்லை. கத்தி பட்டால் சாக்கோடு நாலு நுனிவேரும் போய்விடும். முடிச்சு விட்டதும் மண்ணுருண்டைக்குள் சுண்டுவிரலை நுழைத்து, தொட்டிக்குள் வட்டமடித்தே வளர்ந்துவிட்ட வேர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே இழுத்து விடுகிறார், சிக்கு விழுந்த தலையை வலிக்காமல் வாரி விடுவதுபோல. பிரிக்காமல் நட்டால் மரத்துக்குத் தான் தரைக்கு வந்துவிட்டதே தெரியாது என்பது அவர் கட்சி. "ரிட்டயர் ஆன ஆபீசர் மாதிரி. வீட்டுக்கு வந்த பிறகும் ஆபீசுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருப்பாரு."

மரம் குழிக்குள் இறங்கியதும் நாலு பக்கமும் போய் நின்று பார்க்கிறார். நூலில் கட்டிய இரும்பு நட்டு ஒன்றை முகத்துக்கு நேரே தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். குழிக்குள் நின்று மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவருடைய மனைவியின் தம்பி. நாற்பது வயதைத் தாண்டியும் எந்த வேலையிலும் நிலைக்காமல், கடைசியில் அக்காள் புருஷனிடம் வந்து நின்றவர்.

"உன் பக்கம் இம்மி."

"இம்மின்னா எவ்வளவு அத்தான்?"

"நான் போதும்னு சொல்ற அளவு."

தெருவுக்கு இவர் நெட்டைமரக்காரர். ஆளைப் பார்த்து வைத்த பேர் அல்ல. தன் மரங்களில் மிகச் சின்னதுக்கும் இவர் இடுப்பளவுதான் வருவார் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. தோளளவு வருவார். கனத்த உடம்பு, குட்டைக் கால். நிமிர்ந்து பார்த்தே கழுத்தின் பின்புறம் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. சைப்ரஸும் அதன் சொந்தக்கார மரங்களும்தான் அவர் தொழில். ஊசிபோல மேலே போகும், எப்போதும் பச்சையாக நிற்கும், பக்கவாட்டில் பரவாத ஜாதிகள். வேறு செடி கேட்டு வருகிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார், ஏதோ கெட்ட பழக்கத்துக்கு வழிகாட்டுகிற முகத்தோடு.

"ஒரு ஆள் நிக்கிற இடம் போதும் சார். மீதியெல்லாம் வானம். அதுக்கு யாரும் பத்திரம் கேக்க மாட்டாங்க" என்று ஆரம்பிப்பார். சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் சைக்கிள்கூடப் போகாத சந்தில் இந்த மரம் நிற்கும். மொத்தமாக இலை கொட்டி முற்றத்தை நாறடிக்காது. கோடையில் ஒரு முகம், மழையில் ஒரு முகம் காட்டாது. வரிசையாக வைத்தால் காற்றின் வேகம் தணியும், ரோட்டுத் தூசி பாதி நிற்கும். வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தால், கூரை தாழ்ந்த வீடும் காலரைத் தூக்கி விட்டதுபோல உயரமாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தரம் நுனியைத் தட்டினால் போதும்.

"நிழல் கிடைக்குமா?" என்று சிலர் கேட்பார்கள்.

"நிழல் வேணும்னா கூரை போடுங்க."

"பூ, காய் ஏதாவது?"

"சார், இது மரம். மளிகைக் கடை இல்ல."

அவர் மனைவிக்கு இந்த மரங்களைப் பற்றித் தனி அபிப்பிராயம் உண்டு. "இந்த மனுஷனுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு மரம். எனக்கும் நாத்தனாருக்கும் சண்டை வந்தப்ப சமையக்கட்டுக்குள்ள ரெண்டு தொட்டியக் கொண்டாந்து நடுவுல வச்சாரு. நாங்க ரெண்டு பேரும் மரத்துக்கு அந்தாண்ட ஒருத்தி, இந்தாண்ட ஒருத்தியா நின்னு சண்டை போட்டோம். மூஞ்சி தெரியாததால வாய்க்குக் கொஞ்சம் தைரியம் வேற வந்துடுச்சு."

ஊரில் எங்கெல்லாம் இவருடைய மரங்கள் வரிசை கட்டி நிற்கின்றனவோ அங்கெல்லாம் பின்னால் ஒன்று இருக்கிறது. விருந்து மண்டபத்தின் எச்சில் தொட்டி. பல் மருத்துவரின் ஜெனரேட்டர். அண்ணன் தம்பி சண்டையில் பாதியில் நின்றுபோன சுவர். எதிர்வீட்டு மாடிக்கொடியில் காயும் உள்ளாடைகள். ஊரின் அசிங்கம் எங்கெங்கே இருக்கிறது என்று நகராட்சியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மறைக்க வைத்த மரமே தூரத்திலிருந்து விரல் நீட்டி இடத்தைக் காட்டிக்கொடுக்கிறதே என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லிப் பார்த்தார். "காட்டுது. ஆனா தெரியுதா?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

மறைப்பு வேலையில் அவருக்கு ஒரு முறை இருக்கிறது. மரங்களை ஒற்றை வரிசையில் வைக்க மாட்டார். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை, முன்வரிசையின் இரண்டு மரங்களுக்கு நடுவே பின்வரிசையின் ஒரு மரம். நேரே நின்று பார்த்தால் சுவர் மாதிரி அடைத்திருக்கும். ஆனால் கோணலாக, எங்கோ ஒரே ஒரு இடத்திலிருந்து பார்க்கும்போது முன்மரமும் பின்மரமும் ஒதுங்கி, நடுவில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு சந்து திறக்கும். அதை அவர் கள்ளக்கண் என்பார். மறைக்க வேண்டியதெல்லாம் அதற்குள் பளிச்சென்று தெரியும். அதனால் குழி வெட்டுவதற்கு முன்பே, யார் யார் எங்கெங்கே உட்கார்ந்து பார்ப்பார்களோ அந்த நாற்காலி, கட்டில், சமையல் மேடை ஒவ்வொன்றிலும் போய் உட்கார்ந்து பார்ப்பார். மச்சான் வெளியே மரத்துக்குப் பதிலாக மூங்கிலைப் பிடித்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கள்ளக்கண் எங்கே விழும் என்று கண்டுபிடித்து, அதை அடைக்கவென்றே வண்டியில் ஒரு மரம் கூடுதலாக ஏற்றி வருவார். வயதானவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த விடுதிக்கும் அப்படித்தான் போனார்.

விடுதியின் மேலாளர் அம்மாள் அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய் இரும்புக் கேட் ஒன்றைக் காட்டினார். "யாராவது தவறிட்டா இந்த வழியாத்தான் வண்டி வந்து எடுத்துட்டுப் போகும். மேல மாடி வராந்தாவுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இது அப்படியே தெரியுது. அன்னைக்கு ராத்திரி ஒருத்தரும் சரியா சாப்பிடறதில்ல. நர்சு சொல்றாங்க, எல்லாருக்கும் பிரஷர் ஏறிடுதாம். அவங்க கண்ணுல படாம பண்ணணும்." அவர் குரலில் பாசாங்கு இல்லை. "சின்னக் கன்னு வச்சு வளர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. மாடி உசரத்துக்கு வளந்த மரமாவே கொண்டாங்க. நல்லா அமைஞ்சா எங்க மத்த கிளைகளுக்கும் நீங்கதான்."

வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்து வந்து நடுவது அவரே ஆசைப்பட்டுக் காத்திருந்த வேலை. எச்சில் தொட்டிகளைப் பார்த்து அலுத்தவருக்கு, சாவையே மறைக்கச் சொல்லி ஒருவர் கூப்பிட்டால் பெருமையாகத்தானே இருக்கும். அன்று பிற்பகலே மாடி வராந்தாவுக்கு ஏறினார். ஜன்னலோரம் வரிசையாகப் பிரம்பு நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆள்.

"கொஞ்சம் எழுந்திரிச்சு இடம் குடுத்தீங்கன்னா, உட்கார்ந்து பாத்துட்டுப் போயிடுவேன்" என்றார்.

"உட்கார்ந்து பாக்க டிக்கெட்டெல்லாம் இல்லப்பா. எங்கள மாதிரி வயசாகணும், அவ்வளவுதான்." கடைசி நாற்காலியிலிருந்து வந்தது குரல். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு முழுக்க இணைப்புக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற அம்மாள். எல்லாருக்கும் டெலிபோன் அம்மா. மெலிந்த உடம்பு, ஆனால் குரல் மட்டும் இன்னும் ஊர் எல்லை தாண்டிப் போகிறது. "என்ன வைக்கப் போற?"

"மரம்மா. நல்லா நெட்டையா, அடர்த்தியா. வருஷம் பூரா பச்சையா இருக்கும்."

"எங்களுக்கு எதுக்குப்பா வருஷம் பூரா?"

வராந்தா முழுக்கச் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வேலையில் இருக்கும்போது சிரிப்பதில்லை. முதல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கீழே மச்சானிடம் கையைக் காட்டினார். "இடது. இன்னும் இடது. நில்லு." அப்படியே ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்தார். கடைசிக்கு முந்தைய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தபோது கீழே கேட் திறந்தது. வெள்ளை வண்டி ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்து நின்றது.

நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் எழுந்து நின்றார்கள். முட்டி நிமிராதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். நெட்டைமரக்காரர் மட்டும் நூலும் நட்டுமாக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருக்குத் தெரிந்ததெல்லாம் புடவைக் கொசுவங்களும் தளர்ந்த கால்சட்டைகளும்தான். எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்கு உறைத்தபோது கேட் மூடிவிட்டது. எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"போர்வைக்கு வெளிய கால் நீட்டமா தெரிஞ்சுது" என்றார் டெலிபோன் அம்மா. "கோடி ரூம் வாத்தியார்தான்."

கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் தேநீர் கொண்டுவந்தாள். கோப்பைகளை நீட்டிக்கொண்டே, "வாத்தியார் ஐயா மகன் வீட்டுக்குப் போயிருக்காரு. மகனே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

"அப்படியா, சந்தோஷம்" என்று டெலிபோன் அம்மா கோப்பையை வாங்கிக்கொண்டார். அவள் போகும்வரை காத்திருந்து இவர் பக்கம் திரும்பினார். "பாத்தியா? இங்க யாரும் சாகறதே இல்ல. எல்லாரும் மகன் வீட்டுக்குத்தான் போறாங்க. எங்களுக்குத் தகவல் வர்ற ஒரே லைன் அந்த கேட்டு. அதைத்தான் நீ கட் பண்ண வந்திருக்க."

"பெரியவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு..."

"கஷ்டம்தான். எங்க கஷ்டம். அதை ஏன் இன்னொருத்தங்க எடுத்து ஒளிச்சு வைக்கணும்?" கோப்பையைக் கீழே வைத்தார். "இங்க ஒரு கம்பவுண்டர் இருந்தாரு. எனக்குச் சீட்டாட்டத்துல ஜோடி. இப்பக் கீழ நோயாளி வார்டுல கிடக்காரு. எங்களை அங்க விட மாட்டாங்க. அவரு என்னை ஏமாத்தி ஜெயிச்ச ஆட்டத்துக்குக் கணக்கே இல்ல. அவரு போறப்ப நான் எந்திரிச்சு நிக்கணும்ப்பா. பாக்காம விட்டுட்டா, கீழ எங்கயோ உட்கார்ந்து இன்னும் சீட்டை மறைச்சு வச்சுக்கிட்டு இருக்காருன்னே நெனச்சுக்கிட்டு இருப்பேன். ஒரே ஒரு மரத்தை விட்டுடு."

"ஒரு மரம் விட்டா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்மா."

"இங்க யாருக்குப்பா பல்லு இருக்கு?"

அவர் எழுந்துவிட்டார். "நான் நட்ட வரிசையில எங்கயும் ஓட்டை இல்லம்மா. ஓட்டை வைக்கிறதுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காமலேயே படியிறங்கினார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் உட்காராமல் விட்ட முதல் நாற்காலி அதுதான். அன்று இரவு சாப்பிடும்போது மனைவி என்ன கேட்டாலும் "ம்" என்றார். "எந்த வீட்டுல மரம் செத்துச்சு?" என்று கேட்டாள் அவள். ஒன்றும் சாகவில்லை, எல்லாரும் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றார். அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மரங்கள் லாரியில் வந்து இறங்கின. நூல் பிடித்து, குழி வெட்டி, முடிச்சவிழ்த்து, வேர் பிரித்து, ஒவ்வொன்றாக இறக்கினார்கள். இந்த முறை அவர் வழக்கத்தைவிட அதிகமாக நூலைத் தொங்கவிட்டார், அடிக்கடி மாடியை நிமிர்ந்து பார்த்தபடி. ஒரு பின்வரிசை மரத்தை நட்டபிறகு மறுபடி தோண்டச் சொல்லி, ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னார். மச்சானுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"முன்னாடி இருந்ததும் நேராத்தானே அத்தான் இருந்துச்சு?"

"நேராத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு?"

"தோண்டு."

வேலை முடிந்த அன்று, தண்ணீர் குடிக்க மாடிக்குப் போன மச்சான் வராந்தாவின் கோடியிலிருந்து வெளியே தலையை நீட்டி, ஊரே கேட்கிற மாதிரி கத்தினார். "அத்தான்! கள்ளக்கண்ணு விட்டுட்டீங்க! இங்கேருந்து கேட்டு அப்பட்டமா தெரியுது! அந்த மிச்ச மரத்தை இறக்கவா?"

கீழே மேலாளரின் அறை ஜன்னல் திறந்திருந்தது. நெட்டைமரக்காரருக்கு முதுகில் வேர்த்தது. "இறங்கி வா முதல்ல" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மச்சான் வந்தார். "நெஜமாத்தான் சொல்றேன். டெலிபோன் அம்மா நாற்காலிக்கு நேரா..."

"தெரியும்."

"தெரியுமா?" மச்சானுக்கு வாய் மூடவில்லை. போன வருஷம் ஒரு பங்களாவில் விரல் நுழையாத சந்துக்காக வசவு வாங்கியவர் அவர். "தெரிஞ்சா விட்டீங்க?"

"காத்து போக வழி வேணாமா? ஒரேயடியா அடைச்சா காத்து சுழிச்சு அடிக்கும்."

"இத்தனை வருஷமா காத்து எந்த வழியாப் போச்சு?"

பதில் சொல்வதற்குள் மேலாளர் அம்மாள் வந்துவிட்டார். முதலில் அவர் பார்த்தது லாரியில் தனியாக நின்ற மரத்தைத்தான். "இது ஒண்ணு மிச்சமா?"

"அது கொஞ்சம் சாஞ்ச மரம்மா. உங்களுக்கு வேணாம்." குண்டூசிபோல நின்ற அந்த மரத்தை மச்சான் பரிதாபமாகப் பார்த்தார்.

மூன்று பேரும் மாடி ஏறினார்கள். மேலாளர் வராந்தாவின் நடுவில் நின்று வெளியே பார்த்தார். கரும்பச்சைச் சுவர். கேட் இருந்த இடமே தெரியவில்லை. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணுமே தெரியல. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க." இரண்டு நாற்காலி தள்ளிப் போய்ப் பார்த்தார். பச்சை. இன்னும் இரண்டு. பச்சைதான். அப்படியே கோடியை நோக்கி நடந்தார். நெட்டைமரக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். மற்ற கிளைகளின் வேலையும், இத்தனை வருஷப் பேரும், இன்னும் நாலு நாற்காலித் தூரத்தில் இருந்தன.

டெலிபோன் அம்மா மடியில் பலகை வைத்துச் சீட்டுப் பரப்பியிருந்தார். எழுந்திருக்கவில்லை. "வாங்க மேடம். ஒரு கை போடறீங்களா? ஜோடி இல்லாம ஒத்தையா ஆடறேன்" என்றார். பிறகு, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கம்பவுண்டர் எப்படி இருக்கார்?" என்றார்.

மேலாளர் நின்றார். "நல்லா இருக்காரும்மா. தேறிட்டு வர்றாரு" என்றார். உடனே, கடைசி நாற்காலிவரை போகாமலேயே, ஏதோ ஞாபகம் வந்தவர்போலத் திரும்பி நடந்தார். படிக்கட்டு வந்த பிறகுதான் அவருக்குப் பழைய குரல் வந்தது. "எங்க மத்த ரெண்டு கிளைக்கும் இதே மாதிரி வச்சுக் குடுத்துடுங்க."

"இதே மாதிரியேவா?"

"அப்படியே. எதையும் மாத்த வேணாம்."

"சரிம்மா" என்றார் நெட்டைமரக்காரர். முதல் மாதம் தினமும் வேரில் தண்ணீர் விடவேண்டும், அடிமரத்தில் மண் ஏற்றக் கூடாது, கட்டுக்கம்பை அடுத்த மழை வரை அவிழ்க்கக் கூடாது என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லி வேலையை ஒப்படைத்தார். மேலாளர் கீழே போனார். கணக்கு முடிக்க மச்சான் அவர் பின்னால் போனார்.

நெட்டைமரக்காரர் மட்டும் வராந்தாவின் கோடிக்குத் திரும்பி வந்தார்.

"பாத்துக்கோங்கம்மா" என்றார்.

டெலிபோன் அம்மா சீட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தார். அந்த மெல்லிய சந்துக்குள் கேட்டின் தாழ்ப்பாளும் அதற்கு அப்பால் ஒரு கீற்றுத் தெருவும் தெரிந்தன. வெகு நேரம் பார்த்தார். அப்போது தாழ்ப்பாள் நகர்ந்தது. கேட் திறந்தது.

அவர் கம்பியைப் பிடித்தார். ஒரு கையால் முடியவில்லை, இரண்டு கையாலும் பிடித்து, முட்டியைத் திட்டிக்கொண்டே எழுந்து நின்றார். அவர் எழுவதைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். தங்கள் முன்னால் பச்சையைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர்களெல்லாம், நாற்காலிகள் உராய, வராந்தாவின் மறுகோடிவரை எழுந்து நின்றார்கள்.

"யாரும்மா?" என்று அந்தக் கோடியிலிருந்து ஒரு நடுங்கும் குரல்.

"சலவை வண்டி" என்றார் டெலிபோன் அம்மா, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "லைன் சரியா இருக்கான்னு பாத்தேன்."

ஆனாலும் யாரும் உட்காரவில்லை. அழுக்கு மூட்டைகள் ஏறின, வண்டி வெளியே போயிற்று, கேட் மூடியது. தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான் டெலிபோன் அம்மா கம்பியை விட்டார். அவர் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அதற்கு அடுத்தது. அப்படியே ஒவ்வொன்றாக, அந்தக் கோடிவரை.